நம்பர் சொல்லுங்கக்கா

எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் மளிகைச் சீட்டுக்கு முன்னால் மருந்துச் சீட்டுதான் மேசைக்கு வரும். அம்மாவுக்குச் சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றும் உண்டு. வீட்டுக்காரருக்கு இப்போதைக்குப் பிரஷர் மட்டும். எனக்குத் தைராய்டு. மதுரை விளாங்குடியில் நாங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே மூன்று நான்கு மெடிக்கல் இருக்கிறது. முன்பெல்லாம் சீட்டை நீட்டினால் கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு டாக்டர் கையெழுத்தோடு மல்லுக்கு நிற்பார். இப்போது சீட்டை வாங்குவதற்கு முன்பே கம்ப்யூட்டர் முன்னால் நிற்கும் பிள்ளை, "நம்பர் சொல்லுங்கக்கா" என்கிறது. போன் நம்பர். அதைச் சொன்னால்தான் பாயிண்ட் ஏறும். ஏறின பாயிண்ட் அடுத்த மாத பில்லில் கழியும்.

பாயிண்ட், கூப்பன், ஆப் தள்ளுபடி எதையும் நான் விடுவதில்லை. வருகிற காசை ஏன் விடணும்? ஆனால் வீட்டு மருந்துச் செலவு உண்மையில் எதனால் குறைந்தது என்று பில்களை அடுக்கிப் பார்த்தால், கூப்பன் குறைத்தது நூறுகளில் இருந்தது. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்ததில் குறைந்தது ஆயிரங்களில் இருந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். கூப்பனை ஒழுங்காகப் பயன்படுத்துவது எப்படி என்பதும் நடுவில் வரும். அதை மட்டும் தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயின் கடைகள் எல்லாவற்றிலும் இப்போது ஏதோ ஒரு பாயிண்ட் கணக்கு ஓடுகிறது. அப்போலோவில் ஹெல்த் கிரெடிட், டாடா ஒன் எம்ஜியில் நியூகாயின். இரண்டிலும் ஒன்று சேர்ந்தால் ஒரு ரூபாய். காய்கறிக்காரம்மா போடும் கொசுறு கறிவேப்பிலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்காக யாரும் முருங்கைக்காய் வாங்குவதில்லை. ஆப் மட்டும் நம்மை அப்படி வாங்க வைத்துவிடுகிறது.

ஓர் ஆப்பில் எனக்கு வந்த கூப்பனை அப்படியே சொல்கிறேன். 25 சதவீதத் தள்ளுபடி. ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வாங்க வேண்டும். அதிகபட்சம் 200 ரூபாய். முதல் வரி கொட்டை எழுத்தில் இருக்கும், மற்ற இரண்டும் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மருந்து வாங்கினால் 25 சதவீதம் என்பது 375 ரூபாய். கிடைப்பது 200. அதாவது பதின்மூன்று சதவீதம். டெலிவரிக்கு ஒன்று, கையாளும் கட்டணம் என்று ஒன்று, அதுவும் போனால் பன்னிரண்டுக்கு வந்து நிற்கும். எங்கள் தெருக் கடைக்காரர் வாயைத் திறந்து கேட்டாலே பத்து சதவீதம் கழிக்கிறார்.

கூடையில் 860 ரூபாய்தான் சேர்ந்திருக்கிறது என்றால் கதை வேறு. "இன்னும் 140 ரூபாய்க்கு வாங்குங்கள்" என்று ஒரு பச்சைக் கோடு நகரும். 140 ரூபாய்க்கு வீட்டுக்கு வேண்டிய ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் ஆயிரமாகிறது, 200 கழிந்து 800 கட்டுகிறோம். பார்க்க லாபம்தான். ஆனால் அதே 860க்குத் தெருக்கடை பத்து சதவீதம் கழித்து 774 வாங்கும். சேர்த்த பொருள் நிஜமாகவே தேவையாக இருந்தால் ஆப் ஜெயித்தது. ஸ்ட்ராபெர்ரி வாசனை புரோட்டீன் மாவாக இருந்தால், அது யார் வாயிலும் படாமல் அலமாரியில் ஆறு மாதம் இருக்கும். எங்கள் வீட்டில் இருக்கிறது.

என் அண்ணன் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள்தான் கூப்பன் விஷயத்தில் எங்கள் குடும்பத்தின் மகாராணி. அங்கே சி.வி.எஸ். என்ற மருந்துக்கடைச் சங்கிலியில் எக்ஸ்ட்ராகேர் என்று ஒரு கார்டு. வாங்க வாங்க எக்ஸ்ட்ராபக்ஸ் என்று கடைப் பணமாகத் திரும்பி வரும். கம்பெனி கொடுக்கும் கூப்பன் தனி, கடை கொடுக்கும் கூப்பன் தனி. ஒரே பொருளுக்கு இரண்டையும் அடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்குள் வரும் கூப்பன்களைக் கத்தரித்து வைப்பாளாம். ஒருமுறை வீடியோ காலில் பில்லைத் தூக்கிக் காட்டினாள். தலைக்கு மேல் பிடித்தும் இடுப்புக்குக் கீழே தொங்கியது. "அத்தே, இதுல பாதிக்கு மேல அடுத்த கூப்பன்தான்" என்று சிரித்தாள். சி.வி.எஸ். பில்லின் நீளம் அமெரிக்காவில் ஊரறிந்த கேலி.

நான் கேட்டது வேறு. "சரி ஆத்தா, உன் மாமனாரோட பிரஷர் மாத்திரைக்கு இது ஆகுமா?" ஆகாதாம். ஷாம்பு, பற்பசை, சாக்லேட், மேக்கப் சாமான், இவைதான் அந்த விளையாட்டின் மைதானம். டாக்டர் சீட்டுக்கு வாங்கும் மருந்தில் எக்ஸ்ட்ராபக்ஸைக் கழிக்க முடியாது. சீட்டு மருந்தின் விலையே இன்சூரன்ஸைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும், கவுன்ட்டரில் போய் நின்றால்தான் தெரியும் என்றாள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அட்டையின் மேலேயே எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது, எல்லா வரியும் உட்பட. அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. ஆனால் அந்த அச்சடித்த எண்ணை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம் என்பது என் கட்சி.

எப்படி என்றால், எம்.ஆர்.பி. எல்லா மருந்துக்கும் ஒரே வழியில் வருவதில்லை. மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு, 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவிலை உண்டு. சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள கம்பெனிகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையின் சராசரியை எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் வைத்து அந்த உச்சவிலையைப் போடுகிறார்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டைப் பார்த்து அது மாறும். 2022ல் 10.77 சதவீதம், 2023ல் 12.12 சதவீதம் ஏற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். அந்த இரண்டு வருடமும் கூப்பனில் மிச்சம் பிடித்ததை ஏப்ரல் வந்து வாங்கிக்கொண்டு போனது.

பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருந்துக்குக் கம்பெனி வைத்ததுதான் விலை. வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டும்தான் கட்டு. முதலில் எந்த விலையில் ஆரம்பிப்பது என்பது அவர்கள் இஷ்டம். இங்கேதான் "60 சதவீதம் தள்ளுபடி" போர்டுகள் முளைக்கின்றன. ஊருக்குள் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) வயிற்று எரிச்சலுக்கு வாங்கினேன். அட்டையில் 110 ரூபாய், அறுபது சதவீதம் கழித்து 44 ரூபாய். பையன் பில்லில் "நீங்கள் சேமித்தது 66" என்பதைப் பேனாவால் வட்டமிட்டே கொடுத்தான். இந்த மாதிரிச் சரக்கைக் கம்பெனிகள் டாக்டரிடம் விளம்பரம் செய்யாமல் நேரே கடைக்குத் தள்ளுகின்றன. அச்சடித்த விலை உயரத்தில் இருக்கும், கடைக்காரரின் கொள்முதல் அடியில் இருக்கும். அறுபது கழித்தும் அவருக்குக் கை நிறைய மிஞ்சும். நான் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை சதவீதம் கழித்தாய் என்பது இல்லை. ஒரு மாத்திரை என்ன விலைக்கு வந்தது என்பது. 44 ரூபாய்க்குப் பத்து என்றால் நாலு ரூபாய் நாற்பது காசு. மத்திய அரசின் குறைந்த விலைக் கடையான மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து, அதே அளவு, அதைவிடக் குறைவு. அங்கே தள்ளுபடி போர்டே கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு மருந்து நோட்டில் ஒரு பத்தி, "ஒரு மாத்திரைக்கு". அட்டைக்குப் பத்து, பதினைந்து, இருபது என்று ஆளுக்கொரு கணக்கில் அடைப்பதால் அட்டை விலையை வைத்து ஒப்பிட முடியாது.

அந்த நோட்டில் எனக்குப் பெருமையான பக்கம் ஒன்று உண்டு. அம்மாவின் சுகருக்கு எம்பாக்ளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை சேர்த்தார் டாக்டர். இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது என்றார். அசல் கம்பெனி மாத்திரை ஒன்று அறுபது ரூபாயை ஒட்டி. மாதம் முப்பது என்றால் ஆயிரத்து எண்ணூறு. நானும் கூப்பனைத் தேடித் தேடி பதினைந்து சதவீதம் வரை கழித்தேன், மாதம் 270 ரூபாய் மிச்சம். 2025 மார்ச்சில் அந்த மருந்தின் காப்புரிமை, அதாவது வேறு கம்பெனி அதைச் செய்யக் கூடாது என்ற தடை, முடிந்தது. முடிந்த கையோடு இந்தியக் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. பத்து ரூபாய்க்குக் கீழேயே வந்துவிட்டது. செய்தி பார்த்ததும் அடுத்த செக்கப்பில் கேட்டேன்: "டாக்டர், இதுக்கு வேற கம்பெனி வந்துருச்சாமே, மாத்திக்கலாமா?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓ, தாராளமா" என்று அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். மாத்திரை பத்து ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் முந்நூறு. கூப்பன் 270 மிச்சம் பிடித்த இடத்தில் ஒரு கேள்வி ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடித்தது.

சுகர் மாத்திரைகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. வில்டாகிளிப்டினுக்கு 2019 கடைசியில், டாபாக்ளிஃப்ளோசினுக்கு 2020ல், சிட்டாகிளிப்டினுக்கு 2022ல் காப்புரிமை முடிந்தது. ஒவ்வொரு முறையும் விலை சரிந்தது. ஆனால் பழைய சீட்டையே திரும்பத் திரும்ப நீட்டுகிறவர்களுக்குப் பழைய பெயரே வரும். டாக்டருக்கு அன்று நாற்பது நோயாளி. விலையை ஞாபகப்படுத்த வேண்டியது நாம்தான். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறவர்கள் என் வட்டத்தில் நிறைய. இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்படவில்லை.

சரி, அட்டையை எப்படிப் படிப்பது? பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் பக்கத்தில் சின்னதாக இருப்பதுதான் மருந்து. எங்கள் வீட்டுப் பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன் 40 மில்லிகிராம். இதே டெல்மிசார்டன் எத்தனையோ பெயரில் வருகிறது, விலையில் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம். பெயருக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏ.எம். என்றால் கூட அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்திருக்கிறது. எச் என்றால் சிறுநீர் போகவைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு. சுகருக்கான மெட்ஃபார்மினில் எஸ்.ஆர். என்று இருந்தால் மெதுவாகக் கரைகிற வகை, சாதா மாத்திரை அதற்குப் பதிலாகாது. விலை குறைந்ததை எடுக்கும் அவசரத்தில் வால் மாறிப்போனால் மருந்தே மாறிப்போன மாதிரி. சந்தேகம் வந்தால் கடையில் இருக்கும் பார்மசிஸ்டைக் கேளுங்கள். பில் போடும் பிள்ளையைக் கேட்காதீர்கள், பாவம், அதற்குப் பாயிண்ட் கணக்குத்தான் தெரியும்.

சில மருந்தில் இந்தக் கம்பெனி மாற்றும் வேலையே கூடாது. என் தைராய்டு மாத்திரை அப்படி. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், இவையும் அந்த ரகம். அளவில் துளி மாறினாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும். டாக்டரைக் கேட்டு, மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரே கம்பெனி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் இருக்கிறேன்.

குறைந்த விலைக் கடைகளுக்கு வருவோம். மத்திய அரசின் மக்கள் மருந்தகம் (ஜன் அவுஷதி) 2008ல் ஆரம்பித்தது, பல வருடம் தூங்கிக் கிடந்து பிறகு எழுந்தது. இப்போது மதுரையில் அரசுப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம், கே.கே.நகர், அண்ணா நகர் என்று எங்கே போனாலும் ஒரு மருந்துக்கடை கண்ணில் படுகிறது. அதில் எது மக்கள் மருந்தகம் என்று தேட ஜன் அவுஷதி சுகம் என்ற அரசு ஆப் இருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் விலையும் காட்டும். வாங்கப் போகாவிட்டாலும் அந்த விலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கடைகளின் போர்டுகள் அப்புறம் சிரிப்பாக இருக்கும். மாநில அரசின் முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் ஆயிரம் கடையாகத் திறந்தது. கொஞ்சம் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன, கொஞ்சம் பார்மசி படித்தவர்கள் அரசு மானியம் வாங்கி நடத்துகிறார்கள். சந்தை விலையைவிட 75 சதவீதம் வரை குறைவு என்பது அரசு சொன்ன கணக்கு. முதல்வர் மருந்தகத்துக்கு முன்பே, 2014ல் வந்த அம்மா மருந்தகம் பிராண்டு மருந்தையே கழிவு போட்டு விற்றது. எங்கேயும் ஒன்றிரண்டு மருந்து இல்லாமல் போகலாம். ஒரு வாரம் கையிருப்பு இருக்கும்போதே போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. மக்கள் மருந்தக அட்டையைக் கையில் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள். "ஏத்தா, இது என்ன பேரும் இல்லாம மொட்டையா இருக்கு? வெலயும் இம்புட்டுத்தாங்கிற. கேக்குமா?" ஒவ்வொரு பேட்சையும் லேபில் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள் என்று நான் விளக்கினேன். லேப் பேச்செல்லாம் அம்மாவிடம் எடுபடாது. டாக்டரே சொல்லியும் அரை மனசுதான். கடைசியில் எடுபட்டது வீட்டில் இருந்த பிரஷர் மிஷின். காலையிலும் சாயங்காலமும் பார்த்து நோட்டில் அம்மா கையாலேயே எழுதச் சொன்னேன். எண் மாறவில்லை. "அப்ப இத்தன நாளா அந்தக் கம்பெனிக்காரனுக்குக் கொட்டிக் குடுத்தமா?" என்று அவள் கோபம் திசை மாறியது.

அதோடு ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன், கூப்பன் துரத்துகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வயதானவர்கள் மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை. "ரோஸ் மாத்திரை", "நீட்ட மாத்திரை", "உப்புக்கல்லு மாதிரி இருக்குமே அது", இப்படித்தான். எந்த ஆப்பில் தள்ளுபடி கூடுதலோ அங்கே என்று மாதாமாதம் கடையை மாற்றினால் கம்பெனி மாறும், நிறம் மாறும். பழைய அட்டையில் மிச்சமிருப்பது ஒன்று, புதிது ஒன்று, இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொண்டு, பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. முப்பது ரூபாய் கூப்பனுக்காக இந்த ஆபத்து வேண்டாம். ஒரு கம்பெனியை முடிவு செய்தால் அதிலேயே நில்லுங்கள்; அட்டையில் மார்க்கரால் "காலை", "ராத்திரி" என்று எழுதிக் கொடுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மாமியாருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டத்தில் சுகர், பிரஷர் பார்த்து மாத்திரையை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நான் போயிருந்தபோது என் பையில் இருந்த மருந்துக் கட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு வீடு தேடி வருது. நீ டவுனுல இருந்துக்கிட்டு எதுக்குத்தா அட்ட அட்டயாக் காசக் கொட்டுற?" என்றார். அரசு ஆஸ்பத்திரி மாத்திரை என்றால் இளப்பம் என்பது டவுன்காரர்களின் வியாதி. 1990களின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, மாநிலம் முழுக்க வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் பேரம் பேசி வாங்குகிறது. பல மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு அது. பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரம் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கூப்பன் கிடையாது. எனக்கு நேரம் இல்லை, அதற்குத்தான் காசு கொடுக்கிறேன்.

விலையைக் குறைப்பது என்றால் என்ன என்று மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976ல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது, ஒன்று நூறு டாலரை ஒட்டி. 1992ல் அவர்களே ஆரோலேப் ஆரம்பித்து இங்கேயே செய்து, பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். இன்று சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சான் வழியாகப் போகிறவர்கள் அந்த ஆரோலேபைப் பார்க்கலாம். பத்தில் ஒரு பங்கு விலை. எந்தத் தீபாவளி ஆஃபரிலும் இப்படி ஒரு தள்ளுபடியை நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் கூப்பன் எதற்குத்தான் லாயக்கு? மருந்து அல்லாத பொருளுக்கு. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், பெரியவர்களுக்கான டயப்பர், பிரஷர் மிஷின், குழந்தைச் சாமான். இவற்றில் விலை ஏற்ற இறக்கம் அதிகம், அண்ணன் மகளின் ஷாம்பு மாதிரிதான். எங்கள் பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் மருமகள் டயப்பருக்கு மட்டும் மூன்று ஆப் வைத்து, எதில் பண்டிகை ஆஃபர் வருகிறதோ அதில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்குகிறார். டயப்பர் கெடாது, நிறம் மாறினாலும் யாரும் தலைசுற்றி விழமாட்டார்கள். சுகர் ஸ்ட்ரிப் விஷயத்தில் மட்டும் கவனம்: மிஷினைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் வாழ்நாள் பூராவும் வசூலிப்பார்கள். மிஷின் வாங்கும்போதே ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். டப்பாவைத் திறந்த பிறகு எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே போட்டிருக்கும். நூறு ஸ்ட்ரிப் ஆஃபரில் வாங்கி வாரம் ஒரு முறை குத்துகிறவர்களுக்கு அது நஷ்டம்.

இன்சுலினுக்கு ஆஃபர் பார்க்கவே மாட்டேன். சித்திரை வெயிலில் பார்சல்காரர் வண்டியில் எத்தனை மணி நேரம் சுற்றியது என்று யாருக்குத் தெரியும்? பிரிட்ஜ் வைத்திருக்கும் கடையில் போய், ஐஸ் பேக் வைத்து வாங்கி வரவேண்டியது அது.

காய்ச்சல், சளி, பல்வலி மாதிரி திடீர்ச் செலவுக்குத் தெருக்கடைதான். டாக்டர் ஐந்து நாளைக்கு ஐந்து மாத்திரை எழுதியிருப்பார். ஆப்பில் பதினைந்து மாத்திரை அட்டை முழுசாகத்தான் வரும், இருபது சதவீதம் கழித்து. அதாவது பன்னிரண்டு மாத்திரைக் காசு. எங்கள் கடைக்காரர் கத்தரியை எடுத்துத் தேதி இருக்கும் பக்கத்தைத் தன் கையில் நிறுத்திக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து ஐந்தை வெட்டித் தருவார். தேதியைப் பார்க்க வேண்டும் என்றால் கையிலிருப்பதைக் காட்டுவார், பில்லில் பேட்ச் நம்பரோடு போடுவார். வெட்டாத அட்டை மிஞ்சினால் பில்லோடு கொண்டுபோனால் திரும்ப எடுத்துக்கொள்கிறார். மாதக் கடைசியில் "ஒண்ணாந்தேதி குடுங்கக்கா" என்கிறார். இதற்கெல்லாம் எந்த ஆப்பிலும் பாயிண்ட் கிடையாது. அதனால்தான் மாத மருந்தில் ஒரு பகுதியை வேண்டுமென்றே அவரிடம் வாங்குகிறேன், சில ரூபாய் கூடுதலானாலும்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 112 ரூபாய்க்கு விற்றது 105க்கு வர வேண்டும், அதாவது ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பழைய சரக்கின் அட்டையில் பழைய விலையே இருந்தது, பில்லில்தான் குறைந்திருக்க வேண்டும். ஒரு கடையில் அந்த ஆறு சதவீதத்தையே "பண்டிகைச் சலுகை" என்று போட்டுக் கொடுத்தார்கள். அரசு விட்டுக்கொடுத்த வரியைத் தன் கையிலிருந்து எடுத்துத் தந்த மாதிரி! சண்டை போடவில்லை. வழக்கமான பத்து சதவீதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசியாக, பில். வருமான வரியில் இன்னும் பழைய முறையிலேயே இருப்பவர்கள், அறுபது வயது தாண்டிய, மருத்துவக் காப்பீடு இல்லாத பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவை வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மாத்திரைச் செலவும் அதில் சேரும். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ஆகாது. ஜிபே, கார்டு ஏதாவது ஒன்றில் கட்டியிருக்க வேண்டும். பில்லில் உங்கள் பெயரைப் போடாமல் அம்மா பெயரைப் போடச் சொல்லுங்கள். வாங்கின அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் அந்த வழுவழுத் தாளில் அடிக்கும் எழுத்து நம்ம ஊர் வெக்கையில் மார்ச் மாதம்வரை தாக்குப்பிடிப்பதில்லை.